கையெழுத்துக்கு அரசு, காசுக்கு மட்டும் தன்னாட்சியா?

டிசம்பர் 17, ஓய்வூதியர் நாள். 1982-ல் இதே தேதியில்தான் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொன்னது: ஓய்வூதியம் என்பது வேலை கொடுத்தவர் மனமிரங்கிப் போடும் இனாம் அல்ல, உழைத்தவர் உழைத்துச் சேர்த்து வைத்த உரிமை. இன்றைக்கு எல்லாக் கட்சிப் பக்கத்திலும் வாழ்த்துப் படம் வரும். பூங்கொத்து, கைகூப்பு, தலைவர் படம். நாங்கள் வாழ்த்துப் படம் போடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள் தோழர்களே.

"ஊத்துக்கோட்டையில உக்காந்துக்கிட்டு சேப்பாக்கத்தைப் பத்தி என்னய்யா பேச்சு?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நம்ம பிள்ளைகள் பஸ் மாறிப் போய்ப் படிக்கும் பொன்னேரி அரசுக் கல்லூரியின் பட்டம் யார் பெயரில் வருகிறது? சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெயரில். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், தேர்வாய் கண்டிகையில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் பி.காம்., பி.ஏ. முடித்தார்களே எத்தனையோ பேர், அவர்கள் கட்டிய பீஸ் எங்கே போனது? அதே சேப்பாக்கத்துக்கு. திருவள்ளூர் மாவட்டம் மொத்தமும் அந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகிறது. அங்கே எழுத்தராகவும் ஆய்வக உதவியாளராகவும் காவலராகவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் மயிலாப்பூர் பங்களாவில் இல்லை. நம்மைப் போன்ற ஊர்களில்தான் வாடகை வீட்டிலும் பிள்ளைகள் வீட்டிலும் இருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். ஒரு அரசுக் கல்லூரிப் பேராசிரியர் ஓய்வு பெற்றால் அவருக்கு ஓய்வூதியம் கருவூலத்திலிருந்து வருகிறது. அரசு உதவி பெறும் கல்லூரி ஆசிரியருக்கும் அப்படித்தான். ஆனால் பல்கலைக்கழகத்தில் 30 வருடம் வேலை பார்த்தவருக்குக் கருவூலம் கிடையாது. பல்கலைக்கழகம் தன் சொந்தக் கணக்கில் இருந்து எடுத்துத் தர வேண்டும். கணக்கில் காசு இருந்தால் வரும். இல்லையென்றால் வராது. பணிக்கொடை, விடுப்புச் சம்பளம், கம்யூட்டேஷன் எல்லாமே அந்த ஒரே பானையில் இருந்துதான்.

பானை காலியானது எப்படி என்று சொல்வதற்கு முன்னால், பானைக்குப் பக்கத்தில் கரண்டியோடு உட்கார்ந்திருப்பது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

1857-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் இது. இன்றைக்கும் 1923-ஆம் வருடச் சட்டத்தின்படிதான் நடக்கிறது. நடுவில் எத்தனையோ திருத்தங்கள் வந்தாலும் எலும்புக்கூடு அதேதான். ஆளுநர் வேந்தர். உயர்கல்வி அமைச்சர் இணைவேந்தர். துணைவேந்தர் தலைமையில் சிண்டிகேட், அதாவது ஆட்சிக்குழு. ஊழியர் நியமனம், பணி விதிகள், சம்பளம், சலுகைகள், சொத்து, கட்டணம் என்று நிர்வாகத்தின் எல்லாக் கோப்பும் கடைசியில் சிண்டிகேட் மேஜைக்குத்தான் வரும். அரசு அகவிலைப்படியை உயர்த்தினாலும், புதிய ஊதியக் குழுவை அமல்படுத்தினாலும், "எங்கள் ஊழியர்களுக்கும் இது பொருந்தும்" என்று சிண்டிகேட் ஏற்றால்தான் பல்கலைக்கழகத்தில் செல்லும். அந்த சிண்டிகேட்டில் உயர்கல்வித் துறைச் செயலர் உறுப்பினர். சட்டத் துறைச் செயலர் உறுப்பினர். கல்லூரிக் கல்வி இயக்குநர் உறுப்பினர். பதவியின் வழியாகவே வந்து உட்காரும் அரசு அதிகாரிகள் இவர்கள். ஓய்வூதியர்களின் பிரதிநிதி என்று ஒரு நாற்காலி அங்கே இல்லை. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இல்லை. இருபது வருடம் தொகுப்பூதியத்தில் ஓடினவருக்கு ஒரு ஸ்டூல்கூட இல்லை.

சரி, அரசு அதிகாரிகளே உள்ளே இருக்கிறார்களே, பணத்துக்கும் அரசு பொறுப்பேற்கும் என்றுதானே நினைப்பீர்கள்? அங்கேதான் தமாஷ். கோட்டையில் போய்க் கேட்டால், "பல்கலைக்கழகம் தன்னாட்சி அமைப்பு, அவங்க நிதியை அவங்கதான் பார்த்துக்கணும்" என்பார்கள். சேப்பாக்கத்தில் போய்க் கேட்டால், "அரசு மானியம் குறைஞ்சிடுச்சு, நாங்க என்ன பண்ண முடியும்" என்பார்கள். ஒரே செயலர் காலையில் கோட்டையில் அரசாக இருக்கிறார், மதியம் சேப்பாக்கத்தில் சிண்டிகேட்டாக இருக்கிறார். காலையில் மறுத்த பணத்துக்காக மதியம் வருத்தப்படுகிறார். ஒரு பதவி இடத்தை உருவாக்க அரசு அனுமதி வேண்டும். நியமனத்தில் தவறு என்றால் உள்ளாட்சி நிதித் தணிக்கை கேள்வி கேட்கும், அதைக் காட்டி மானியத்தில் பிடித்தம் நடக்கும். எல்லாக் கடிவாளமும் அரசின் கையில். குதிரைக்குக் கொள்ளு வாங்கும்போது மட்டும் தன்னாட்சி!

இதன் விளைவு 2024 பிப்ரவரியில் நடுத்தெருவுக்கு வந்தது. வருமான வரித் துறை சென்னைப் பல்கலைக்கழகத்தின் 37 வங்கிக் கணக்குகளை முடக்கியது. 424 கோடி ரூபாய் வரி பாக்கி என்றது. ஒரு அரசுப் பல்கலைக்கழகத்துக்கு எதற்கு வருமான வரி? பெருமளவு அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்துக்கு வரி விலக்கு உண்டு. 'பெருமளவு' என்றால் மொத்த வரவில் அரசு மானியம் பாதிக்கு மேல் இருக்க வேண்டும் என்று விதி. மானியம் அந்த அளவு இல்லை, அதனால் விலக்கு இல்லை என்பதுதான் துறையின் வாதம்.

இதைத் திரும்ப ஒருமுறை படியுங்கள். மாநில அரசு மானியத்தைச் சுருக்கியது. சுருக்கியதால் 'நீ அரசு நிறுவனமே இல்லை' என்று ஒன்றிய அரசு வரி கேட்டது. கணக்கு முடங்கியதால் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் கை வைத்தது. பட்டினி போட்டது ஒருவர், எலும்பும் தோலுமா இருக்கியே என்று அபராதம் போட்டது இன்னொருவர். மாணவர் தேர்வுக் கட்டணத்தில் ஓடும் 167 வருடப் பல்கலைக்கழகத்தைக் கடன்காரன் கடையைப் பூட்டுவது மாதிரி பூட்டத் துணிந்த ஒன்றிய அரசின் துறையைக் கண்டிக்கிறோம். அதே மூச்சில் மாநில அரசையும் கேட்கிறோம்: அந்த 50 சதவீதக் கோட்டுக்குக் கீழே பல்கலைக்கழகத்தை விழவிட்டது யார்?

இது ஒரே நாளில் வந்த நோய் இல்லை. ஒரு காலத்தில் தொலைநிலைக் கல்வி பல்கலைக்கழகத்துக்குக் காமதேனுவாக இருந்தது. 1981-ல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி நிறுவனம் அது. நம்ம சிப்காட் தொழிலாளியும் ஊர் ஊராக இருக்கிற குடும்பப் பெண்களும் கட்டிய பீஸில்தான் பல வருடம் பல்கலைக்கழகத்தின் செலவுகள் ஓடின. அந்த வரவு குறைந்தது. ஓய்வூதியர் எண்ணிக்கை ஏறியது. வரவு நல்லா இருந்த காலத்திலேயே ஓய்வூதியத்துக்கென்று போதுமான நிதியைத் தனியாகக் கட்டி வைத்திருக்க வேண்டும். வைத்திருந்தால் இன்றைக்குப் பெரியவர்கள் வளாகத்தில் பதாகை பிடித்து உட்கார வேண்டிய அவசியம் வந்திருக்காது.

அமெரிக்காவிலும் இந்தப் பாடம் உண்டு, சொல்லியே ஆக வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு 1990-ல் ஒரு முடிவு எடுத்தது. ஓய்வூதிய நிதி நிரம்பி வழியுது, இனி யாரும் பங்களிப்பு கட்ட வேண்டாம் என்று. நிர்வாகமும் கட்டவில்லை, ஊழியரும் கட்டவில்லை. 20 வருடம் அப்படியே போனது. 2010-ல் மறுபடி கட்ட ஆரம்பித்தபோது பெரிய பள்ளம். அதை அடைக்க ஊழியரின் பிடித்தம் ஏறியது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சலுகை குறைந்தது. நல்ல காலத்தில் தப்பு முடிவு எடுத்தவர்கள் வேறு, கெட்ட காலத்தில் பில் கட்டியவர்கள் வேறு. ஆனாலும் அங்கே ஒன்று இருக்கிறது. ஆட்சிக்குழு கூடுவதற்கு முன்பே நிகழ்ச்சி நிரலை வெளியிட வேண்டும் என்று சட்டம். கூட்டத்தில் பொதுமக்கள் எழுந்து பேச நேரம் ஒதுக்க வேண்டும். துப்புரவுத் தொழிலாளியும் மாணவரும் ஆட்சிக்குழுவின் முகத்துக்கு நேரே கேள்வி கேட்கலாம். சேப்பாக்கத்தில் நம்ம ஊர்ப் பெரியவர் ஒருவர் சிண்டிகேட் கூட்டத்துக்குள் போய், "ஐயா, என் பணிக்கொடை எங்கே?" என்று கேட்க முடியுமா? வாசலில் செக்யூரிட்டி விடுவாரா? அந்த செக்யூரிட்டியும் ஒப்பந்தம்தான், அது வேறு கதை.

பிரிட்டனில் 2018-ல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஓய்வூதியத்தை வெட்டக் கூடாது என்று வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பின்னும் 2022-ல் வெட்டினார்கள். விடாமல் போராடி 2024 ஏப்ரலில் திரும்ப வாங்கினார்கள். அங்கே ஓய்வூதியத் திட்டத்தை மாற்றுவது பற்றிப் பேசும் கூட்டுக் குழுவில் நிர்வாகத்துக்குப் பாதி இடம், தொழிற்சங்கத்துக்குப் பாதி இடம். இங்கே பாதி வேண்டாம், ஒன்றாவது கொடுங்கள் என்கிறோம்.

இன்னொரு பக்கம் துணைவேந்தர் நாற்காலி. 2023 ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. அதன் பிறகு 2 வருடம் தாண்டியும் நிரந்தரத் துணைவேந்தர் கிடையாது. தேடுதல் குழுவில் யுஜிசி பிரதிநிதி இருக்கணும் என்று ஆளுநர், தேவையில்லை என்று அரசு. உயர்கல்விச் செயலர் தலைமையில் ஒரு ஒருங்கிணைப்புக் குழு பல்கலைக்கழகத்தை ஓட்டியது. 2022-ல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களை ஆளுநர் கிடப்பில் போட்டார். 2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றம் 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்றது. மே 21-ல் சென்னை உயர் நீதிமன்றம் துணைவேந்தர் நியமனப் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றத்தின் தலைமேல் நியமன ஆளுநர் உட்காருவதை நம் கட்சி என்றைக்கும் ஏற்றதில்லை, இனியும் ஏற்காது. ஆனால் ஒன்று புரிந்துகொள்ளுங்கள். இந்தச் சண்டை முழுவதும் யார் துணைவேந்தரை நியமிப்பது என்பதைப் பற்றி. நியமிக்கப்பட்டவர் பணிக்கொடையை எங்கிருந்து எடுத்துத் தருவார் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாளைக்கே அரசு கேட்ட அதிகாரம் முழுசாகக் கிடைத்தாலும் கருவூலக் கதவு பல்கலைக்கழக ஓய்வூதியருக்குத் திறக்காது. அதைத் திறக்க ஆளுநரின் கையெழுத்து தேவையே இல்லை. மாநில அரசு மனசு வைத்தால் போதும்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது ரொம்ப ஈஸி. 1983-ல் கிருஷ்ணா நீர் ஒப்பந்தம் போட்டார்கள். வருடத்துக்கு 12 டி.எம்.சி. காகிதத்தில் 12 தான். ஆனால் ஊத்துக்கோட்டை ஜீரோ பாயிண்ட்டில் நின்று பார்த்தால்தானே எவ்வளவு வந்தது, எந்த மாசம் வந்தது, எந்த வருஷம் வரவே இல்லை என்று தெரியும்? நாம் கோப்பைப் பார்ப்பதில்லை, கால்வாயைப் பார்க்கிறோம். ஓய்வூதியமும் அப்படித்தான். சிண்டிகேட் தீர்மானத்தில் எல்லாம் பசுமையாக இருக்கும். பெரியவரின் பாஸ்புக்கில் என்ட்ரி விழுந்ததா என்பதுதான் ஜீரோ பாயிண்ட்.

இடையிடையே அரசு பணம் ஒதுக்குகிறது, நிலுவையில் ஒரு பகுதி அடைகிறது. அதை நாங்கள் மறைக்கவில்லை. கொடுத்ததற்கு விழா எடுத்துக்கொள்ளட்டும், தப்பில்லை. ஆனால் ஓய்வு பெற்ற அன்றைக்கே கையில் இருக்க வேண்டிய பணம் வருடக்கணக்கில் கழித்து மேடையில் காசோலையாக வந்தால் அதற்குப் பெயர் சாதனையா? அந்த இடைவெளியில் பெண்ணுக்குக் கல்யாணம் நின்றது, கண் ஆபரேஷன் தள்ளிப் போனது, வட்டிக்கு வாங்கியது. சிலர் வாங்காமலே போய்ச் சேர்ந்தார்கள்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கும் முதலாளிகூடத் தொழிலாளியின் பி.எஃப். பணத்தை அடுத்த மாசம் 15-ஆம் தேதிக்குள் கட்டணும். கட்டவில்லை என்றால் வட்டி, அதுக்கு மேல அபராதம். பிடித்ததைக் கட்டாமல் வைத்திருந்தால் நம்பிக்கை மோசடி வழக்கு. இருபது பேர் வேலை செய்யும் கம்பெனிக்கு இருக்கும் கெடு, அரசு அதிகாரிகள் உட்கார்ந்து நடத்தும் பல்கலைக்கழகத்துக்கு ஏன் கிடையாது? நாங்கள் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியின் பி.எஃப்.புக்காகச் சங்கம் கட்டும்போது கான்ட்ராக்டர் சொல்லும் பதில் என்ன தெரியுமா? "கம்பெனி பில் பாஸ் பண்ணல சார், நான் எங்க போக?" அதே டயலாக்கைத்தான் இன்றைக்கு ஒரு மாநிலமே பேசுகிறது.

இது சென்னையோடு நிற்கும் விஷயமும் இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் 2024-ல் மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் ஊழியர்கள் போராடினார்கள். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-ல் அரசு எடுத்துக்கொண்டது. தனியார் நிர்வாகம் கண்டபடி ஆள் எடுத்து வைத்த பாவத்துக்கு, அங்கே வேலை பார்த்தவர்கள் ஊர் ஊராக வேறு கல்லூரிகளுக்கு மாற்றப்பட்டார்கள். எங்கே பார்த்தாலும் முடிவு எடுப்பவர் ஒருவர், அதைத் தாங்குபவர் வேறொருவர்.

பணம் இல்லை என்றால் சிண்டிகேட்டின் கண்ணுக்கு முதலில் தெரிவது மாணவர்தான். 2023 நவம்பரில் அண்ணா பல்கலைக்கழகம் தேர்வுக் கட்டணத்தைப் பாடத்துக்கு 150 ரூபாயில் இருந்து 225 ஆக ஏற்றப் பார்த்தது. மாணவர்கள் கொதித்ததும் அமைச்சரே வந்து நிறுத்தி வைப்பதாக அறிவித்தார். நிறுத்தியது சரி, வரவேற்கிறோம். ஆனால் நிறுத்திய கையோடு அந்தப் பள்ளத்தை அரசு நிரப்புகிறதா என்று யாரும் கேட்கவில்லை. இப்படித்தான் பெரியவரையும் பிள்ளையையும் எதிரெதிராக நிறுத்துகிறார்கள். "பீஸ் ஏத்தலைன்னா பென்ஷன் இல்ல." பொன்னேரியில் படிக்கும் கூலித் தொழிலாளியின் மகளிடம் இருந்து பிடுங்கித் தாத்தாவுக்குக் கொடுப்பதா சமூக நீதி? இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியது கருவூலம்.

இப்போது வேலை பார்ப்பவர்கள் நிலையையும் பாருங்கள். 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு வேலைக்கு வந்தவர்களைப் பழைய ஓய்வூதியத்தில் இருந்து வெளியே தள்ளினார்கள். அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 25,000 ரூபாய், அதுவும் வருடத்தில் 11 மாதத்துக்கு. யுஜிசி 2019-லேயே மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. பேருக்கு முன்னால் 'கௌரவ' என்று போட்டதுதான் மிச்சம். இவர்களுக்கு ஓய்வு என்று ஒரு நாள் வரும்போது பேசுவதற்கு ஓய்வூதியமே இருக்காது.

அதனால் சுத்தி வளைக்காமல் கேட்கிறோம். சென்னைப் பல்கலைக்கழக ஓய்வூதியத்தை, மற்ற அரசுப் பல்கலைக்கழகங்களோடு சேர்த்து, கருவூலத்தின் கீழ் கொண்டு வாருங்கள். அதற்கு ஒரு அரசாணை போதும் என்றால் அரசாணை போடுங்கள், சட்டத் திருத்தம் வேண்டுமென்றால் சட்டமன்றத்தில் கொண்டு வாருங்கள், எங்கள் ஆதரவு நிச்சயம். மானியத்தை வருமான வரிக்காரர் வாய் திறக்க முடியாத அளவுக்கு, பாதிக்கு மேலே ஏற்றுங்கள். ஊழியர் சலுகை பற்றிய எந்தத் தீர்மானமும் சிண்டிகேட்டுக்கு வருவதற்கு முன் நிகழ்ச்சி நிரலைத் தமிழில் பொதுவில் வையுங்கள். ஓய்வூதியருக்கு ஒரு நாற்காலி, ஆசிரியரல்லாத ஊழியருக்கு ஒரு நாற்காலி, ஒப்பந்தத் தொழிலாளருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். செனட் ஹவுஸ் பெரிய கட்டடம்தான், மூணு நாற்காலி போட இடம் இருக்கும்.

தேர்தல் வரப் போகிறது. கும்மிடிப்பூண்டித் தொகுதியில் எந்தக் கட்சி வேட்பாளர் மாலையோடு உங்கள் தெருவுக்கு வந்தாலும், எங்கள் கூட்டணி ஆளாகவே இருந்தாலும், இதைக் கேளுங்கள். "பல்கலைக்கழக ஓய்வூதியத்தைக் கருவூலத்துக்கு மாத்த சட்டமன்றத்துல கை தூக்குவீங்களா, மாட்டீங்களா?" பார்க்கலாம், செய்யலாம், தலைமையைக் கேட்டுச் சொல்கிறேன் என்றால் செல்போனில் வீடியோ எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். இதே பக்கத்தில் போடுகிறோம்.

ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பூண்டி சுற்று வட்டாரத்தில் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பணிக்கொடையோ விடுப்புச் சம்பளமோ இன்னும் நிலுவையில் உள்ளவர்கள், கணவரோ மனைவியோ இறந்து குடும்ப ஓய்வூதியம் தாமதமானவர்கள், ஓய்வூதிய ஆணை நகல், கடைசிச் சம்பளச் சான்று, பாஸ்புக் முதல் பக்கத்தின் ஜெராக்ஸோடு நம் வட்டக் குழு அலுவலகத்துக்கு வாருங்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி. தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் கோப்பு எந்த மேஜையில் நிற்கிறது என்று கேட்டு மனு எழுதித் தருகிறோம். பஸ் ஏற முடியாதவர்கள் சொல்லி அனுப்புங்கள், தோழர்கள் வீட்டுக்கே வருவார்கள்.

- ஊத்துக்கோட்டை வட்டக் குழு